திங்கட்கிழமை ஆஜராகிறேன்

என் அன்பு மஜீத்,

உன் நாற்காலி இன்னும் ஆடுகிறது. பின்னங்கால் அரை விரல் குட்டை என்று நீ அடியில் மடித்து வைத்த அட்டை மக்கிப் போய், நான் இரண்டு முறை மாற்றிவிட்டேன். தச்சனைக் கூப்பிட்டால் கால் மணி நேர வேலைதான். நான் கூப்பிடவில்லை. நான்கு வருஷமாக அதில் உட்கார்ந்திருக்கிறேன், ஆனாலும் ஆபீஸில் யாராவது 'உன் நாற்காலி' என்று சொன்னால் எனக்குத் தூக்கிவாரிப் போடுகிறது.

செத்தவனுக்குக் கடிதம் எழுதுகிறானே, இவன் பி.ஏ. படித்து என்ன பிரயோஜனம் என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். நீ உயிரோடிருந்தபோது நாம் இருவரும் எழுதிய கடிதங்களுக்கு எத்தனை பேர் பதில் போட்டார்கள்? பதில் வராத கடிதம் எழுதுவதில் என்னைப் போல அனுபவசாலி வட ஆற்காடு ஜில்லாவிலேயே கிடையாது. இதற்கு ஒரு நகல் எடுத்துப் பத்திரிகைக்கும் அனுப்பப் போகிறேன். நான் உனக்குச் செய்ததை உன்னிடம் மட்டும் சொன்னால், அதுவும் ஒரு வகையில் ஒளித்து வைத்ததாகத்தான் ஆகும்.

ஊர்ச் சேதி சொல்கிறேன். ஆம்பூரில் எட்டுத் தோல் பதனிடும் ஷாப்புகள் நடந்த தெருவில் இப்போது மூன்றில்தான் புகை வருகிறது. சீமையில் தோலுக்குக் கிராக்கி இல்லையாம். பாலாற்றில் தண்ணீர் இல்லை, அதில் புதுமை ஒன்றுமில்லை. என் அப்பா இன்னும் தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில்தான் நிற்கிறார். உன்னைப் பெற்ற அம்மிக்குக் கண் பார்வை கம்மியாகிவிட்டது, ஆனால் பீடி சுற்றும் கைக்குக் கண் தேவைப்படவில்லை.

நாம் பி.ஏ. தேறிய சேதி வந்த நாள் உனக்கு நினைவிருக்கிறதா? என் அப்பா தொட்டியிலிருந்து அப்படியே ஏறி வந்தார். கை இரண்டும் சுண்ணாம்பில் வெந்து வெளுத்திருந்தன. என் சட்டையில் பட்டுவிடக் கூடாதென்று தள்ளி நின்று, "இனிமே நீ இந்தத் தொட்டியாண்ட வரக்கூடாது" என்றார். உன் அம்மி தெரு முழுக்கச் சர்க்கரை கொடுத்தார். உன் வீட்டில் நீ முதல் பி.ஏ., என் தெருவுக்கே நான் முதல் பி.ஏ. மூன்று மாதத்தில் இருவருக்கும் உத்தியோகம் ஆகிவிடும் என்று நாம் நினைத்ததில் தப்பு ஒன்றுமில்லை. நினைக்காதவர் யார்?

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் நடந்தோம். நடந்தோம் என்றால் நிஜமாகவே நடந்தோம், ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு வரைக்கும். ராணிப்பேட்டையில் ஒரு மானேஜர் நம் சர்டிபிகேட்டைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பெரிய படிப்பாச்சேப்பா. நமக்கு எஸ்.எஸ்.எல்.சி. போதும். பி.ஏ. படிச்சவன் நாலு மாசத்துல வேற எடம் பாத்துக்கினு போய்டுவான்" என்றார். பேரணாம்பட்டில் இன்னொருவர் படிப்பைக் கேட்கவே இல்லை. "இதுக்கு முன்ன எங்கியாவது வேலை பாத்திருக்கீங்களா? அனுபவம் இல்லாத ஆளை வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்றார். நீதான் மெதுவாகக் கேட்டாய். "எல்லாரும் அனுபவம் கேட்டா, மொத மொத அதைக் குடுக்கறது யாருங்க?"

"அது எனக்கு எப்படிப்பா தெரியும்? அடுத்த ஷாப்புல கேளு" என்றார் அவர்.

எனக்கு மட்டும் மூன்றாவதாக ஒரு பதிலும் கிடைக்கும். என் அப்பா பேரைச் சொன்னதும் முகம் மாறும். "அடடே, அந்த ஆளு புள்ளையா நீ? தொட்டியாண்ட ஆள் கம்மியா இருக்குது, நாளைக்கே வந்துடேன்" என்பார்கள். நாற்காலியில் உட்கார அனுபவம் வேண்டும், தொட்டியில் இறங்க அப்பா பேர் போதும். வெளியே வந்ததும் நீ என் தோளில் கை போட்டு ஒன்றும் பேசாமல் நடப்பாய். நீ ஏதாவது சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன்.

வேலூரில் அந்த எட்டு மாதத்தை மறக்க முடியுமா? சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் உமேதுவாராகச் சேர்ந்தோம். சம்பளமில்லாமல் வேலை செய்துகொண்டிருந்தால், இடம் காலியாகும்போது முதலில் கூப்பிடுவார்களாம், அதற்குப் பேர்தான் உமேதுவார். காலை பத்திலிருந்து மாலை ஐந்தரை வரைக்கும் நகல் எடுத்தோம். இலவு காத்த கிளிக்காவது பஞ்சு பறப்பதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருந்தது. இடம் காலியானதும் ஹெட் கிளார்க்கின் அக்காள் மகன் வந்து உட்கார்ந்தான். நகல் எடுக்கத் தெரியாத அவனுக்கு வேலை சொல்லிக் கொடுக்கும்படி நம்மிடமே விட்டார்கள். சொல்லியும் கொடுத்தோம், இல்லையா?

அங்கேதான் நாம் ஒரு பாடம் படித்தோம். விளம்பரம் வந்த பிறகு மனுப் போடுகிறவன் முட்டாள். ரிட்டையர் ஆகிறவன் தன் பிள்ளையை உட்கார வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பான். சாகிறவனுக்கு அந்த வசதி கிடையாது. ஆகையால் நமக்கு மிஞ்சியது செத்தவர்களின் நாற்காலிதான்.

நீல அட்டை போட்ட நோட்டு ஒன்று வாங்கினோம். இந்த வட்டாரத்தில் எந்த ஆபீஸில் எந்தக் குமாஸ்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று அதில் எழுதினோம். ராணிப்பேட்டை, கணக்குப் பிள்ளை, இரண்டு மாதமாக இருமல். வாணியம்பாடி, கடிதக் குமாஸ்தா, கால் வீக்கம். இதெல்லாம் என் கையெழுத்து. ஜனாஸா தொழுகைக்கு நீ போவாய், கிறிஸ்தவக் கல்லறைக்கு நான் போவேன், சுடுகாடு என்றால் இருவரும் போய்த் தள்ளி நிற்போம். பந்திக்கு முந்து என்று பெரியவர்கள் சொன்னார்கள், நாம் பாடைக்கு முந்தினோம்.

மனுவையும் பத்துப் பத்தாக இங்கிலீஷில் எழுதி வைத்துக்கொண்டோம். 'தங்கள் அலுவலகத்தில் பணிபுரிந்த திரு' என்று எழுதி ஒரு பேர் அளவுக்கு இடம் விட்டு, 'அவர்கள் காலமானதால் ஏற்பட்டுள்ள காலியிடத்துக்கு' என்று தொடர்ந்து, தேதிக்கும் இடம் விட்டுவிடுவோம். செத்தவன் பேரை நிரப்பினால் மனு தயார். அப்போது அது நமக்குக் கெட்டிக்காரத்தனமாகப் பட்டது.

ராணிப்பேட்டைக் கணக்குப் பிள்ளையைப் பார்க்கப் போன நாளைச் சொல்லட்டுமா? ஆள் போயிருப்பார் என்று மனுவோடு போனோம். அவர் மேஜையில் உட்கார்ந்து பேரேடு எழுதிக்கொண்டிருந்தார். நீ சட்டென்று, "ஒடம்பு எப்படி இருக்குதுங்க, பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றாய். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை நாளில் யாருமே விசாரிக்கவில்லை என்று சொல்லி, மோர் வரவழைத்துக் கொடுத்தார். குடித்தோம். திரும்பும்போது பாதி வழியில் நீ நின்றுவிட்டாய். பிறகு நோட்டை எடுத்து அவர் பேரை அடித்துவிட்டு, "தோஸ்த், நாம ரெண்டு பேரும் கழுகாய்ட்டோம்டா" என்றாய். ஆனால் நோட்டை நீயும் கிழித்துப் போடவில்லை, நானும் போடவில்லை.

ஆம்பூரில், நான் இப்போது இருக்கும் இந்தத் தோல் ஷாப்பின் பழைய கடிதக் குமாஸ்தா இறந்தபோது உனக்கு வேலை கிடைத்தது. நீ அவரை அடக்கம் செய்யும் வரைக்கும் கூட நின்றாய். மண் போட்ட கையைத் தட்டிக்கொண்டு வந்த பிறகுதான் மனுவில் அவர் பேரை எழுதினாய். அந்த வித்தியாசம் அன்று எனக்குத் தெரியவில்லை. இப்போது நன்றாகத் தெரிகிறது.

உனக்கு வேலை கிடைத்ததில் எனக்கு ரொம்பச் சந்தோஷம் என்று அம்மியிடம் சொன்னேன். பொய். வயிறு எரிந்தது. நீ முதல் மாதமே மானேஜரிடம் எனக்காகப் பேசினாய், அவர் முடியாது என்றதும் மறுமாதமும் பேசினாய். நீ பேசப் பேச எனக்கு இன்னும் எரிந்தது. அப்பா தொட்டியிலிருந்து வந்து ஒரு வார்த்தையும் கேட்காமல் சாப்பிட உட்காருவார். அவர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பத்து மாதம் போனது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் நீ காலரை விலக்கிக் கழுத்தைக் காட்டினாய். வடக்கேயிருந்து வந்த பச்சைத்தோல் கட்டுகளில் மார்க்கு சரி பார்க்கப் போனதாகவும், ஏதோ பூச்சி கடித்திருக்கும் என்றும் சொன்னாய். சுற்றிலும் வீங்கி, நடுவில் மிளகு அளவுக்குக் கறுத்திருந்தது. "வலிக்கவே இல்லடா, அதான் ஆச்சரியம்" என்றாய். நான் தோல் ஷாப்புத் தெருவில் பிறந்தவன். பச்சைத்தோல் தூக்குகிறவர்களுக்கு அந்தக் கறுப்புக் கொப்புளம் வருவதையும், அது வலிக்காது என்பதையும் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். எங்கள் தெருவில் மூன்று பேருக்கு வந்து ஒருவர் பிழைத்தார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு நீ சிரித்தாய். "இன்னாடா, என் பேரையும் நோட்டுல ஏத்திடுவியா?" என்றாய். நானும் சிரித்தேன்.

மறுநாள் விடிந்ததும் உன்னை வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அதில் நான் ஒரு நிமிஷம்கூடத் தாமதம் செய்யவில்லை, மஜீத். அதை மட்டும் நம்பு. டாக்டர் கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டிலில் படுக்கச் சொன்னார். அம்மி உன் கால்மாட்டில் உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டிருந்தார். நீ காகிதம் கேட்டாய். முழங்காலில் வைத்து, வீங்கிய கழுத்தோடு, இங்கிலீஷில் நான்கு வரி எழுதினாய். ஜுரம் என்றும், செவ்வாய் முதல் சனி வரைக்கும் லீவு வேண்டும் என்றும், 'திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜராகிறேன்' என்றும்.

"தபால்ல போடாத, லேட்டாய்டும். நேரா மானேஜர் கையில குடு" என்றாய். "சொல்லாம கொள்ளாம நின்னுட்டான்னு பேர் வரக்கூடாது பாரு."

காட்பாடியில் மத்தியான ரயில் ஏறினேன். உன் லீவு லெட்டர் என் சட்டைப் பையில் இருந்தது. என் துணிப்பையில் எப்போதும் போல பேர் நிரப்பாத மனுக்கள் இருந்தன. குடியாத்தம் தாண்டும்போது ஒன்றை எடுத்துப் பார்த்தேன், சும்மாதான் எடுத்தேன். மேல்பட்டியில் ரயில் நின்றபோது, பேருக்கு விட்ட இடத்தில் உன் பேரை எழுதினேன். தேதிக்கு விட்ட இடத்தில் அன்றைய தேதியை எழுதினேன், ஆள் போன பிறகு வருகிற தேதியாக அது இருக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. பச்சகுப்பத்தில் உறையை ஒட்டினேன். ஆம்பூர் ஸ்டேஷன் வாசலில் தபால் பெட்டி இருக்கிறது, உனக்குத் தெரியும்.

போட்டுவிட்டேன்.

அங்கிருந்து நேராக உன் ஷாப்புக்கு நடந்தேன். கேட்டுக்கு வெளியே தோல் பதனிட வந்த ஆவாரம்பட்டை வண்டிகள் நின்றன. உள்ளே மானேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தது கூடத் தெரிந்தது. இருபது அடி தூரம். லீவு லெட்டரைக் கொடுத்தால், திங்கட்கிழமை வரைக்கும் உன் இடம் உனக்கு இருக்கும். நீ எழுந்து வந்துவிட்டால் என் மனு குப்பைக்குப் போகும், எழுதினவன் நான் என்றும் தெரிந்துவிடும். கொடுக்காவிட்டால், நீ பிழைத்தே வந்தாலும் சொல்லாமல் நின்றவன் என்று உன்னை அனுப்பிவிடலாம். இதையெல்லாம் நான் அங்கே நின்று நிதானமாக யோசித்தேன். மயக்கத்தில் செய்தேன், வயிற்றுக் கொடுமையில் செய்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது, ஆனால் எழுதினால் பொய். யோசித்து முடித்து, வீட்டுக்குப் போனேன்.

புதன்கிழமை நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உனக்குக் கண் திறக்க முடியவில்லை. குரலை வைத்தே கண்டுபிடித்தாய்.

"குடுத்தியா?"

"குடுத்தேன்."

"இன்னா சொன்னாரு?"

"ஒடம்பைப் பாத்துக்கச் சொன்னாரு. அவசரம் இல்லன்னாரு."

"நல்ல மனுசன்டா" என்றாய். அதுதான் நீ என்னிடம் கடைசியாகப் பேசியது. அந்த இரண்டு நாளும் நான் மாதா கோவிலில் நிற்பது போல முழங்காலில் நின்று ஜெபம் செய்ததாக அம்மி எல்லோரிடமும் சொல்கிறார். முழங்காலில் நின்றது உண்மை. என்ன கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை, மஜீத். நான்கு வருஷமாக யோசித்தும் தெரியவில்லை.

வியாழக்கிழமை நீ போனாய். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு ஆம்பூரில் உன்னை அடக்கம் செய்தார்கள். தொட்டி ஆட்கள் வந்தார்கள், வண்டிக்காரர்கள் வந்தார்கள். முதலாளி மதராஸில் இருந்தார். உன் ஆபீஸிலிருந்து ஒருவரும் வரவில்லை.

அடுத்த வாரம் மானேஜர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மேஜையில் பதினோரு மனுக்கள் இருந்தன, எல்லாம் பி.ஏ. என்னுடையதை மட்டும் தனியாக எடுத்து வைத்திருந்தார். உறையும் அதோடு குத்தியிருந்தது.

"இன்னாப்பா, தேதி தப்பாப் போட்டிருக்கே?"

"ஆமாங்க. தப்பு."

அவர் உறையை ஒரு முறை திருப்பினார். பிறகு பேனாவை என் பக்கம் தள்ளி, "திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போடு" என்றார். செவ்வாயை அடித்துச் சனியாக்கிக் கையெழுத்துப் போட்டேன். "அந்தப் பையன் நல்லவன்னு நெனச்சேன். மூணு நாளு சொல்லாம கொள்ளாம நின்னுட்டான், ஒரு லீவு லெட்டர் இல்ல. நீயாவது ஒழுங்கா இரு" என்றார். அவருக்கு உறையிலிருந்த செவ்வாய்க்கிழமைத் தபால் முத்திரை தெரிந்ததா, தெரியவில்லையா? அந்த உறை இப்போது என் பொறுப்பிலுள்ள காகிதக் கட்டுக்குள்தான் இருக்கிறது. முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறது.

அன்றைக்கே உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். ஆஜர் புஸ்தகத்தைப் புரட்டியபோது உன் பேருக்கு நேரே, அந்த மூன்று நாளுக்கும், 'அனுமதியின்றி வரவில்லை' என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. இந்த ஷாப்பில் உன்னைப் பற்றி இருக்கும் கடைசி வரி அதுதான்.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் பத்து மணி அடிக்கும்போது நான் வாசலைப் பார்க்கிறேன். பார்க்கக் கூடாதென்று குனிந்துகொண்டாலும், நாற்காலி ஒரு முறை ஆடுகிறது. நான்தான் அசைந்திருப்பேன். வேறென்ன?

என் வேலை என்ன தெரியுமா? வருகிற மனுக்களுக்கு 'காலியிடம் இல்லை, வருந்துகிறோம்' என்று பதில் எழுதுவது. ஒரு மனுவையும் நான் படிக்காமல் விடுவதில்லை. எல்லாம் நம் வாசகங்கள். ஒருவன் எம்.ஏ. படித்துவிட்டு கேட்கீப்பர் வேலையானாலும் சரி என்கிறான். ஒருவன் தன் தங்கை கல்யாணத்தைப் பற்றி எழுதிவிட்டு அடித்திருக்கிறான். வருந்துகிறோம் என்று எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அம்மியைப் பார்க்கப் போகிறேன். சாய் கொடுப்பார். "எம்புள்ள ஒக்காந்த எடத்துல நீ ஒக்காந்திருக்கே பேட்டா, அதுவே எனக்குப் போதும்" என்பார், பெற்ற மகனைக் கூப்பிடுவது போல. நான் உன்னைவிட நான்கு மாதம் சின்னவன் என்பதால், அக்கம்பக்கத்தில் என்னை உன் தம்பி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறார். எப்போதாவது பீடி இலையை வைத்துவிட்டுக் கேட்பார். "ஆபீஸ்லேர்ந்து ஒருத்தரும் மய்யத்துக்கு வரலியே. எம்புள்ள இன்னா தப்பு செஞ்சான்? ஒனக்கு ஏதாச்சும் தெரியுமா?" தெரியாது என்பேன். உன் லீவு லெட்டர் அப்போதும் என் பெட்டியில் இருந்தது.

போன புதன்கிழமை தபாலில் ஒரு மனு வந்தது. காவேரிப்பாக்கத்திலிருந்து ஒரு பி.ஏ. 'தங்கள் அலுவலகத்தில் கடிதக் குமாஸ்தாவாக இருப்பவர் நெடுநாளாக இருமலால் அவதிப்படுவதாக அறிந்து, அவ்விடம் காலியாகும் பட்சத்தில்' என்று எழுதியிருந்தான். எனக்கு இரண்டு மாதமாக இருமல். எங்கேயோ ஒரு நோட்டில் என் பேர் ஏறியிருக்கிறது. யாரோ வந்து பார்த்துவிட்டும் போயிருக்கிறான், நான் மோர்கூடக் கொடுக்கவில்லை.

மானேஜர் எட்டிப் பார்த்து, "எதுனா முக்கியமா?" என்றார். வேலை கேட்டு ஒரு மனு என்றேன். "இல்லன்னு எழுதிடு" என்றார். நான் எழுதவில்லை. கை வரவில்லை. எனக்கு அவன் மேல் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அவனாவது 'காலியாகும் பட்சத்தில்' என்று எழுதியிருக்கிறான். நான் 'காலமானதால்' என்றே எழுதினேன்.

நேற்று வெள்ளிக்கிழமை. பெட்டியிலிருந்து உன் லெட்டரை எடுத்துக்கொண்டு போனேன். அம்மி சாய் வைத்தார். குடிக்கவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், ரயில், தபால் பெட்டி, கேட், உன்னிடம் சொன்ன பொய், எல்லாம். அவர் பீடி சுற்றுவதை நிறுத்தவில்லை. ஒரே ஒரு இடத்தில்தான் கை நின்றது.

"அவன் பேரை எழுதினியே, அவன் மூச்சு இருக்கறப்பவா?"

"ஆமா அம்மி."

கையிலிருந்த பீடியைச் சுற்றி முடித்துவிட்டு, "அவன் எழுதினது எங்கே?" என்றார். கொடுத்தேன். இங்கிலீஷும் தெரியாது, கண்ணும் தெரியாது. காகிதத்தை முகத்தில் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடம் நீட்டி, "படி" என்றார். தமிழில் சொன்னேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை, 'திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜராகிறேன்' என்ற இடத்தில் என்னால் முடியவில்லை. அவரே அதை முடித்தார், எனக்காக அல்ல, மனப்பாடம் செய்துகொள்ள.

"அப்போ எம்புள்ள ஒரு தப்பும் செய்யல."

"இல்ல அம்மி."

"நாலு வருசம் நான் அவனை சந்தேகப்பட்டுட்டேன். ஒன்னைப் படல." இதைச் சத்தமில்லாமல்தான் சொன்னார். "கொண்டுபோய்க் குடு. யார் கையில குடுக்கச் சொன்னானோ, அவர் கையில குடு."

எழுந்தேன். நான் வாசலைத் தாண்டும்போதெல்லாம், "பாத்துப் போ பேட்டா" என்பார். நேற்று, "கதவைச் சாத்திக்கினு போ" என்றார். சாய் வைத்தது வைத்தபடி இருந்தது.

மஜீத், என்னை மன்னிக்கும்படி உன்னைக் கேட்கவில்லை. அது உன்னால் ஆகாது, நீ இல்லை. இருந்திருந்தால் நீ மன்னித்திருப்பாய் என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நாளை மறுநாள் திங்கட்கிழமை. உன் லீவு லெட்டரை மானேஜர் கையில் கொடுப்பேன், நேராக, தபாலில் அல்ல. ஆஜர் புஸ்தகத்தில் அந்தச் சிவப்பு வரியை அடிக்க வைத்து, பக்கத்தில் அவர் கையெழுத்தை வாங்குவேன். என் மனுவில் நான் அடித்த செவ்வாய்க்கிழமையைத் திரும்ப எழுதி, உறையோடு அவர் முன்னால் வைப்பேன். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. தொட்டியாண்ட வரக்கூடாது என்றவரிடம் என்ன சொல்வது? காவேரிப்பாக்கத்துப் பையனின் மனுவை மேஜை மேல் எல்லாவற்றுக்கும் மேலாக வைத்துவிட்டு வருகிறேன். இந்த ஒரு நாற்காலியாவது யாரும் சாகாமல் காலியாகட்டும்.

அதன் கால் குட்டை என்பதையும் அவனுக்கு எழுதி வைக்கிறேன்.

நீ கொடுத்த வாக்கு நான்கு வருஷமாக என் பெட்டியில் கிடந்தது. உனக்குப் பதிலாக நான் அதைக் காப்பாற்றுகிறேன். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு ஆஜராகிறேன்.

உன் அம்மி நேற்று வரைக்கும் பேட்டா என்று கூப்பிட்ட,
உன் தம்பி சாமுவேல்